கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எதை ஊற்றுவது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 60 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, இரண்டு கோமாளி மீன். வெயில் தாங்காமல் ஒரு வாரமாக மேலே ஃபேன் போட்டிருக்கிறார், தண்ணீர் நாளுக்கு ஒரு லீற்றர் அளவில் குறைகிறது, அதைக் கடற்கரையில் அள்ளிவந்த தண்ணீரால் நிரப்புகிறார். மீன் கழிவில் சேரும் நஞ்சான அமோனியா பார்த்தால் பூச்சியம், ஆனால் மீன்கள் மூச்சு வாங்குகின்றன, சாப்பாடும் எடுக்கவில்லை. தண்ணீரை முழுதாக மாற்றிவிடட்டுமா என்கிறார்.

வேண்டாம் தம்பி. தண்ணீர் அழுக்காகவில்லை, உப்பு ஏறிவிட்டது. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். கடல் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு, ஏழு நாளுக்கு 245 கிராம், அதை 60 லீற்றருக்குப் பிரித்தால் லீற்றருக்கு 35 கிராமில் இருந்த உப்பு 39க்கு வந்திருக்கும். மணலும் கல்லும் பிடித்திருக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் கூட. உப்பும் சூடும் ஏறினால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றிலிருந்து குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு நீக்கி வடித்த ஆர்.ஓ. தண்ணீர் என்று கானில் விற்கிறார்களே, அது போதும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கரையோரக் கிணறுகளில் உவர்ப்பும் நைட்ரேட்டும் இருக்கலாம். ஏறிய உப்பை இறக்க, அதற்கு மேலதிகமாகத் தினமும் ஒன்றரை லீற்றர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நாளுக்கு லீற்றருக்கு ஒரு கிராம் அளவில் இறங்கும். ஒரேயடியாக இறக்கினால் மீன் தாங்காது. அப்புறம் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள், 35 காட்ட வேண்டிய அளவுத் திரவத்தில் சரிபார்த்துவிட்டுப் பாவியுங்கள். தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் எவ்வளவு குறைகிறது என்று தினமும் தெரியும்.

கடல் தண்ணீரே கூடாது என்று சொல்லவில்லை. வாரத்துக்கு ஆறு லீற்றர் மாற்றுகிறோமே, அதற்கு அதுதான் வேண்டும், கடல் பக்கத்தில் இருக்கும்போது காசு கொடுத்து உப்பு வாங்குவானேன். ஆனால் எங்கே, எப்போது அள்ளுகிறீர்கள் என்று பாருங்கள். மகாவலி கொட்டியார்குடாவில் வந்து விழுகிறது, நவம்பர், டிசம்பர் மழையில் அந்தப் பக்கத் தண்ணீர் கலங்கி உப்பும் குறைந்திருக்கும். துறைமுகத்துக்குள்ளும், படகு நிறுத்தும் இடத்திலும் அள்ள வேண்டாம், எண்ணெய் படர்ந்திருக்கும். மழையில்லாத மாதங்களில் நிலாவெளிப் பக்கம் அள்ளித் துணியில் வடித்து, மூடிய கானில் வெளிச்சம் படாமல் வையுங்கள், ஊற்றுமுன் உப்பை அளந்துகொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு மீன் தொட்டி உப்பு ஒரு பை வாங்கிவைப்பது நல்லது. உப்பளத்து உப்பு அதற்கு ஆகாது, சமையலுப்பாக எடுக்கும்போது மக்னீசியமும் கல்சியமும் பெரும்பாலும் கழிந்துபோய்விடும்.

நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவிலிருந்து கல், முருகைக்கல் எதுவும் எடுத்துவராதீர்கள், 2003இலிருந்து அது தேசியப் பூங்கா.

ஃபேனை நிறுத்த வேண்டாம், இந்த வெயிலுக்கு அது தேவை. கரண்ட் போகும் நேரத்துக்கு பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று வைத்திருங்கள், கரண்ட் வரும்வரை சாப்பாடு போடாதீர்கள்.