கேட்டது வாசகர்: "அவங்க ஐயாவே குட்டைதானே!"

கேள்வி: குழந்தைகளின் வயதுக்கேற்ற உயரம் பற்றி எங்கள் ஊர் அங்கன்வாடியில் மாதாமாதம் பேசுகிறோம். தாய்மார்கள் தலையாட்டிவிட்டுப் போய்ப் பழையபடிதான் ஊட்டுகிறார்கள். கேட்டால், பிள்ளையின் தாத்தாவைக் காட்டி, "அவங்க ஐயாவே குட்டைதானே" என்கிறார்கள். என்ன செய்வது?
- மகளிர் குழு உறுப்பினர், புதுவயல்

பதில்: நீங்கள் பேசுகிற ஆள்தான் தப்பு. பிள்ளைக்கு என்ன ஊட்டுவது என்று நம் பக்கம் முடிவு செய்வது பெரும்பாலும் அப்பத்தா. தாய்வீட்டில் இருந்தால் அம்மாவைப் பெற்ற ஆயா. கூட்டத்தில் கேட்டதை மருமகள் அடுப்படியில் போய்ச் சொல்லிவிட முடியுமா?

பெரியவர்களையே கூப்பிடுங்கள், ஆனால் பாடம் எடுக்காதீர்கள், சமைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பல வீடுகளில் பருப்புத் தண்ணிதான். வயிறு நிறையும், சத்து எங்கிருந்து வரும்? சாதமும் பாசிப்பருப்பும் குழைய மசித்து, நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வழிந்து ஓடினால் நீர்த்துவிட்டது, ஒட்டி நின்றால் சரி. பதம் பார்ப்பதில் நம் ஆச்சிமாரை மிஞ்ச ஆளுண்டா? ஒரு தடவை பிடிபட்டால் பக்கத்து வீட்டுக்கும் அவர்களே போய்ச் சொல்லிவிடுவார்கள். முட்டை கொடுத்தால் மாந்தம் என்று யாராவது ஆரம்பித்தால் நீங்கள் வாதாட வேண்டாம், முட்டை சாப்பிடும் பிள்ளையின் அப்பத்தாவைப் பேசவிடுங்கள்.

சரி, ஐயா விஷயம். பரம்பரைக்கும் பங்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2006-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவு இருக்கிறதே, அதற்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் கிடைத்த டெல்லிப் பிள்ளைகளும் நார்வே பிள்ளைகளும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அத்தனை வீட்டிலுமா ஐயா குட்டை?

அப்புறம், கருவில் இருக்கும் நாள் தொட்டு இரண்டு வயது வரைதான் உயரத்துக்கு முக்கியமான காலம். சமுதாய வளைகாப்புக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள், பேச்சை அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். அப்பா சிங்கப்பூரில் இருக்கிறாரா? வளர்ச்சி அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கோடு ஏறாமல் படுத்துக் கிடப்பதைப் பார்த்தால் அன்று ராத்திரியே வீட்டுக்குப் போன் வரும்.

கேள்வி: அங்கன்வாடிச் சத்துமாவைச் சிலர் மாட்டுக்குப் போடுகிறார்களே?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: மாடு நன்றாக வளரும், சந்தேகமில்லை! தினமும் அதே கஞ்சி என்றால் பெரியவர்களே குடிக்க மாட்டோம். ஒருநாள் புட்டு, ஒருநாள் கொழுக்கட்டை, ஒருநாள் முருங்கைக்கீரை போட்டு அடை என்று மாற்றிக் கொடுத்துப் பார்க்கட்டும்.