பிராண்டுன்னா கொள்ளிக்கட்டை!

கேள்வி: சார், கடையில "இது பிராண்டட்"னு சொல்லிட்டாலே சட்டை விலை ரெண்டு மடங்கு ஆயிடுது. இந்த பிராண்டுங்கிற வார்த்தைக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு என் பையனோட டீச்சர் சொன்னாங்களாம், நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: நிஜம்தாம்மா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்ல பிராண்டுன்னா நெருப்பு, எரியுறது, அடுப்புல இருந்து இழுத்தா நுனி கனகனன்னு செவந்து நிக்குமே அந்தக் கட்டை, அதாவது நம்ம கொள்ளிக்கட்டையேதான். பைபிள்ல சகரியா புத்தகத்துல நெருப்புல இருந்து தப்பிச்ச கொள்ளின்னு ஒரு வரி வரும், 1611ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல அந்த இடத்துல இருக்கிறது பிராண்டுதான், தமிழ் பைபிள்லயும் கொள்ளின்னே போட்டிருக்காங்க, எவ்ளோ கரெக்டா பொருந்துது பாருங்க! பழைய பாட்டுங்கள்ல வாளுக்குக்கூட இந்தப் பேரு உண்டு.

எரியுறதைச் சொல்ற பர்ன்கிற வார்த்தையும் இதே குடும்பம்தான். ஜெர்மன்காரங்க இன்னைக்கும் பிரென்னன்னு சொல்றாங்க, இங்கிலீஷ்ல மட்டும் நடுவுல ர் சத்தம் இடம் மாறிப் போச்சு, நம்ம தசை சதை ஆன மாதிரி.

சரி, கொள்ளிக்கட்டை எப்படி சட்டைக்கு வந்துச்சு? பழுக்கக் காய்ச்சின இரும்பால வைக்கிற சூட்டுக்கும், அது விட்டுட்டுப் போற தழும்புக்கும் அதே பேரு வந்துடுச்சு. எங்க பாட்டி வீட்டு மாட்டுக்குத் தொடையில ஒரு சூட்டுத் தழும்பு இருக்கும், அந்த இடத்துல மட்டும் முடியே முளைக்காது, தொட்டா வழவழன்னு இருக்கும், அது மாதிரிதான் அங்கயும் இது யாரோட மாடுன்னு தெரியறதுக்கு சூடு வச்சாங்க. குற்றவாளிங்களுக்கும், கடல் தாண்டி வித்த அடிமைங்களுக்கும்கூட வச்சாங்க, மனுஷ உடம்புல இரும்பைக் காய்ச்சி வச்சதை நினைச்சா இப்பவும் மனசு பதறுது.

அப்புறம் ஒயின் பீப்பாய், மரப்பெட்டின்னு சரக்கு மேலயும் முதலாளியோட அடையாளத்தைச் சுட்டாங்க, 19ஆம் நூற்றாண்டுல அந்த அடையாளம் போட்ட சரக்கையே பிராண்டுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அதுதான் உங்க சட்டை வரைக்கும் வந்து நிக்குது.

பிராண்ட் நியூன்னு சொல்றோமே, அதுவும் உலையில இருந்து அப்பதான் எடுத்த மாதிரி புத்தம்புதுசுங்கிற அர்த்தத்துல வந்ததுதான். பிராந்தியும் இந்த வழிதான், டச்சுக்காரங்க தீயில காய்ச்சி வடிச்ச ஒயினை பிராண்டவைன்னு சொன்னாங்க, எரிச்ச ஒயின்னு அர்த்தம், அது தேய்ஞ்சு இங்கிலீஷ்ல பிராண்டி ஆயி நம்மகிட்ட பிராந்தியா வந்துடுச்சு.