நிவாரணப் பணியில் சேர விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கும் மகள், போரிலும் பேரிடரிலும் சிக்கியவர்களுக்கு உதவும் அமைப்புகளில் பணியாற்ற விரும்புகிறாள் என்றும், ஜப்பானியப் பிரபுக்குலப் பெண்மணி ஓயாமா சுதெமாட்சுவைப் பற்றிப் படித்த பிறகு அந்த விருப்பம் பிடிவாதமாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். "அந்த அம்மையார் சீமாட்டி, பணத்துக்குக் குறைவில்லை, சேவை செய்தார், நம் வீட்டுப் பெண்ணுக்கு அது சோறு போடுமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வாழ்க்கையை நீங்களும் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள், மகளும் பாதிதான் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பணத்தில் வளர்ந்தவர் அல்லர். 1860இல் ஜப்பானின் அய்சு சிற்றரசில், யாமாகாவா என்னும் உயர்குடிச் சாமுராய்க் குடும்பத்தில், தந்தை இறந்த பிறகு பிறந்த கடைக்குட்டி. 1868 உள்நாட்டுப் போரில் அய்சுக் கோட்டை ஏறத்தாழ ஒரு மாதம் முற்றுகையிடப்பட்டபோது எட்டு வயதுச் சிறுமியாக உள்ளே இருந்தார். விழுந்த குண்டுகள் வெடிப்பதற்குள் அவற்றின் மீது நனைத்த மெத்தைகளைப் போட்டு அமுக்குவது கோட்டைக்குள் இருந்த பெண்களின் வேலை. அப்படிப்பட்ட ஒரு குண்டு வெடித்துத்தான் அவருடைய அண்ணி உயிரிழந்தார். கோட்டை வீழ்ந்தது, நிலம் பறிபோனது, குடும்பம் வடக்கே துரத்தப்பட்டு வறுமையில் வாடியது. 1871இல் பெண் குழந்தைகளை அரசுச் செலவில் பத்தாண்டுகள் அமெரிக்காவில் படிக்க வைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, தோற்ற தரப்புக் குடும்பங்களே தங்கள் பெண்களை அனுப்ப முன்வந்தன. சென்ற ஐந்து பேரில் பதினொரு வயது சுதெமாட்சுவும் ஒருவர். ஆகவே அவருடைய படிப்புக்கு அடித்தளம் அரசு உதவித்தொகையே தவிரக் குடும்பச் சொத்து அன்று.

நியூ ஹேவன் நகரில் பேக்கன் என்ற போதகரின் வீட்டில் வளர்ந்து, 1882இல் வாஸர் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். அதோடு கப்பலேறியிருக்கலாம். ஆனால் ஊர் திரும்புமுன், நியூ ஹேவன் மருத்துவமனையைச் சார்ந்து 1873இல் தொடங்கப்பட்டிருந்த கனெக்டிகட் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து நோயாளிப் பராமரிப்பைக் கற்றார். பயிற்சி பெற்ற பெண் செவிலியர் என்ற தொழிலே ஜப்பானில் இல்லாத காலம் அது; உயர்குடிப் பெண் ஒருத்தி நோயாளியின் புண்ணைத் துடைப்பாள் என்று எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் வாழ்க்கையில் என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சில வாரப் பயிற்சியைத்தான். உதவ வேண்டும் என்ற மனம் அவருக்கு முன்பே இருந்தது. எப்படி உதவுவது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

அடுத்து நடந்ததை மகள் கவனித்துப் படிக்க வேண்டும். பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு நாடு திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. தாய்மொழியில் சரளமாக எழுதவோ படிக்கவோ இயலாத நிலையில், ஆசிரியப் பணி என்ற அவருடைய கனவு கைகூடவில்லை. வாஸர் பட்டம் இருந்தும் அவர் வெறுங்கையோடு நின்றார். அந்த நிலையில்தான், 1883இல், இராணுவ அமைச்சராக இருந்த ஓயாமா இவாவோவை மணந்தார். மனைவியை இழந்தவர், மூன்று பெண் குழந்தைகளின் தந்தை, அதைவிட முக்கியமாக, அய்சுவைத் தாக்கிய படையில் பீரங்கி அதிகாரியாக இருந்தவர். அடுத்த ஆண்டு கணவருக்குக் கோமகன் பட்டம் கிடைக்க, இவர் சீமாட்டியானார். நீங்கள் சொல்லும் செல்வமும் செல்வாக்கும் இங்கேதான் தொடங்குகின்றன. செவிலியர் பயிற்சி அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

1884இல் தோக்கியோவில் ஒரு மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றவர், அங்கே நோயாளிகளைக் கவனிப்பவர்கள் எல்லாம் ஆண்களாக இருப்பதையும், பயிற்சி பெற்ற பெண் செவிலியர் எவரும் இல்லாததையும் கண்டார். செவிலியர் பள்ளி ஒன்றைத் தொடங்குமாறு மருத்துவர் தகாகி கனெஹிரோவிடம் கேட்டார். அவரும் அதை விரும்பியவரே, ஆனால் கையில் நிதி இல்லை. உடனே சுதெமாட்சு பெருங்குடிப் பெண்களைத் திரட்டி, வெளிநாட்டு விருந்தினரை உபசரிப்பதற்காக அரசு கட்டியிருந்த ரொகுமெய்கான் மாளிகையில், ஜூன் மாதம் மூன்று நாள் அறக்கொடை விற்பனைச் சந்தை நடத்தினார். காசைக் கையால் தொடுவதே இழிவு என்று வளர்க்கப்பட்ட சாமுராய்க் குலப் பெண்கள், தாங்களே செய்த பொருள்களை மேசையில் பரப்பி விலை சொல்லி விற்றார்கள். ஏறத்தாழ 12,000 பேர் வந்தார்கள். சுமார் 8,000 யென் சேர்ந்தது. முழுத் தொகையும் மருத்துவமனைக்குச் சென்றது. மறு ஆண்டே ஜப்பானின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளி அங்கே உருவானது. நிவாரணத் துறையில் நிதி திரட்டல் என்பது தனிப் பணிப் பிரிவு என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்த மருத்துவமனைக்கு என்ன தேவை என்பதை அவரால் கண்ட மாத்திரத்தில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், நியூ ஹேவன் மருத்துவமனையின் வார்டுகளில் அவர் வேலை பார்த்திருந்ததுதான்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்டிருந்தீர்கள். சுதெமாட்சுவும் அதை அனுபவித்தார். கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகளுக்குத் திருமணமான சிறிது காலத்தில் காசநோய் கண்டது. புகுந்த வீட்டார் மணவிலக்குச் செய்து அனுப்பிவிட்டார்கள். தொற்று பரவும் முறையை அறிந்திருந்த சுதெமாட்சு, அந்தப் பெண்ணுக்குத் தனிக் குடில் கட்டி, அங்கே வைத்துத் தம் கையாலேயே பணிவிடை செய்தார். ஊரோ, மாற்றாந்தாய் கொடுமையால் பெண்ணை ஒதுக்கி வைத்தாள் என்று பேசியது. பின்னர் வெளிவந்து புகழ்பெற்ற ஒரு நாவலும் அந்தப் பேச்சையே வலுப்படுத்தியது. அந்தப் பெண் 1896இல் இறந்தார். பழிச்சொல் சுதெமாட்சுவை நெடுங்காலம் வருத்தியது. சரியான மருத்துவப் பராமரிப்பே கொடுமையாகப் பேசப்பட்டது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஊர் பேசாத தொழில் ஒன்றைத் தேடி மகளுக்குக் கொடுக்க உங்களால் முடியாது, ஐயா.

1887இல் ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கம் அப்பெயரில் அமைந்தபோது, அதன் மகளிர் தொண்டுச் செவிலியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மறு ஆண்டு அய்சு வட்டாரத்தின் பந்தாய் எரிமலை வெடித்தபோது சங்கம் மருத்துவ உதவி அனுப்பியது. போர் அல்லாத பேரிடரில் அது செய்த முதல் பணி அது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் கணவர் மஞ்சூரியாவில் படைத்தலைவராக இருக்க, இவர் தோக்கியோவில் காயக்கட்டுத் துணிகளைச் சுருட்டினார், செவிலியராகப் பணிபுரிந்தார், அமெரிக்க நண்பர்களுக்கு எழுதி நிதி கேட்டார். ஒன்றை மகளிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்: அன்றைய ஜப்பானில் செஞ்சிலுவைப் பணி, அரசின் போர் முயற்சியோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. இன்று நடுநிலையும் பாரபட்சமின்மையும் அந்த இயக்கத்தின் அடிப்படைக் கொள்கைகள். அதில் சேர்பவர் தம் சொந்தச் சார்புகளை ஒதுக்கி வைக்கப் பழக வேண்டும்.

இனி உங்கள் மகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். "சமூக சேவை" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு பட்டப்படிப்பில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிவாரண அமைப்புகள் வேலைக்கு எடுப்பது செவிலியரை, மருத்துவரை, குடிநீர்-சுகாதாரப் பொறியாளரை, கணக்காளரை, சரக்குப் போக்குவரத்து அறிந்தவரை, உளநல ஆலோசகரை. உயிரியல் பிரிவு என்பதால் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் அவளுக்கு நேரான வழி. அந்த வேலைக்கு உள்ளூர் மருத்துவமனைகளிலும் எப்போதும் தேவை இருப்பதால் உங்கள் சோற்றுக் கவலைக்கும் அதுவே பதில். பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் படிக்கலாம். இரத்தம், புண் என்றால் அவளுக்கு ஒவ்வாது எனில், ஏதேனும் ஒரு பட்டத்துக்குப் பின் களப்பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலைப் பட்டம்) இருக்கிறது.

பன்னாட்டு அமைப்புகள் பெரும்பாலும் படித்து முடித்தவுடன் எடுப்பதில்லை. சில ஆண்டு பணி அனுபவம் கேட்கின்றன. பல பணிகள் ஒப்பந்த அடிப்படையில் அமைந்தவை. குடும்பத்தைப் பிரிந்து, பாதுகாப்புக் குறைவான இடங்களில் இருக்க நேரிடும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ அரபியோ தெரிந்தால் வாய்ப்பு கூடும். தாய்மொழி எழுத்தையும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது இல்லாமல் சுதெமாட்சு எப்படித் தவித்தார் என்பதை அவளே படித்திருப்பாள். கல்லூரியில் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்திலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சேர்ந்து, முதலுதவிப் பயிற்சியை முறையாக முடிக்கட்டும்.

பொதுத்தேர்வு முடியும் வரை இந்த விவாதத்தை வீட்டில் நிறுத்தி வையுங்கள். தேர்வுக்குப் பின், வாய்ப்புக் கிடைத்தால், மருத்துவமனையில் பணிபுரியும் உறவினர் அல்லது தெரிந்தவர் ஒருவரோடு சில நாள்கள் பேசிப் பழகச் செய்யுங்கள். இரவுப்பணி, நிற்கும் நேரம், நோயாளியின் கோபம் எல்லாவற்றையும் அவள் நேரடியாகக் கேட்டு அறியட்டும். அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால், மதிப்பெண் பட்டியலோடும் நீங்கள் யோசித்திருக்கும் கல்லூரிகளின் பெயர்களோடும் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மூவரும் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்ப்போம்.