தோற்ற அணியின் தொண்டர்

கேள்வி: கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் நான் ராப்பகலாக உழைத்தவர் தோற்றுவிட்டார். ஜெயித்தவருக்காக வீடு வீடாகப் போக மனசு வரவில்லை. என்ன செய்ய?

பதில்: வராதுதான். எனக்கும் ஒருமுறை வரவில்லை. பத்து நாள் செல்போனை அணைத்து வைத்திருந்தேன். அப்புறம் போனேன், நோட்டீஸ் மடிக்க மட்டும். மேடை, கோஷமெல்லாம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான்.

2008 ஜூனில் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரி கிளின்டன், அந்த மாதக் கடைசியிலேயே அவரோடு ஒரே மேடை ஏறினார். இடம், நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சிற்றூர். உட்கட்சித் தேர்தலில் அங்கே இருவருக்கும் ஆளுக்கு 107 ஓட்டு! ஊர்ப் பெயருக்கே ஒற்றுமை என்றுதான் அர்த்தம். தலைவர்களுக்கு மேடை போதும். தொண்டர் கதவைத் தட்டியாக வேண்டுமே. தட்டினால் பலன் உண்டு. 1998-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவர் சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்க் கேட்டபோது வாக்குப்பதிவு கூடியது, தொலைபேசி எடுபடவில்லை.

உங்கள் தெருவின் பட்டியலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். "போன மாதம் வேறொருவரைச் சொன்னீர்களே?" என்பார்கள். "ஆமாம், அவர்தான் வரவேண்டும் என்று நினைத்தேன், நடக்கவில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஜெயித்த அணிக்காரர் யாராவது குத்திப் பேசினால், சரி, அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.