மகளை வீட்டன் கல்லூரிக்கு அனுப்பலாமா? விசுவாச அறிக்கையையும் கணக்கையும் முதலில் பாருங்கள்

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். சி.எஸ்.ஐ. குடும்பம், மகள் பிளஸ் டூ, உளவியல் படிக்க ஆசை. வாலிபர் முகாமில் யாரோ அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள வீட்டன் கல்லூரியைப் பற்றி, நற்செய்தியாளர் பில்லி கிரகாம் படித்த இடம் என்று சொல்லிவிட, வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சாம். "கிறிஸ்தவக் கல்லூரிதானே, பிள்ளை பத்திரமாக இருப்பாள், விசுவாசமும் கெடாது என்கிறாள் அவள் அம்மா. எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி விண்ணப்பிப்பது, நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியையோ சாரா டக்கர் கல்லூரியையோ மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிகளைப் பார்க்காதீர்கள். இங்கே கிறிஸ்தவம் நிர்வாகத்தில் இருக்கும், காலை ஜெபத்தில் இருக்கும், கிறிஸ்துமஸ் விழாவில் இருக்கும். பாடம் பல்கலைக்கழகப் பாடம், பக்கத்தில் உட்காருபவள் எந்த மதமாகவும் இருப்பாள். வீட்டன் மாதிரியான அமெரிக்க இவாஞ்சலிக்கல் (வேதாகமத்தையும் தனிப்பட்ட மனந்திரும்புதலையும் மையமாக வைக்கும் புராட்டஸ்டன்ட்) கல்லூரியில் விசுவாசம் வகுப்பறைக்குள்ளும் விடுதிக்குள்ளும் ஆசிரியரின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் இருக்கிறது. வீட்டனில் பேராசிரியர்கள் வருஷா வருஷம், கல்லூரி எதை நம்புகிறது என்று எழுதிவைத்த விசுவாச அறிக்கையை ஏற்பதாக உறுதி சொல்ல வேண்டும். 2004-ல் ஒரு தத்துவப் பேராசிரியர் ரோமன் கத்தோலிக்கராக மாறியதும் அங்கே அவர் வேலையில் தொடர முடியாமல் போனது, அவர் நல்ல ஆசிரியர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோதும். உங்களுக்கு இது சரியாகவும் படலாம், உறுத்தவும் செய்யலாம். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதனால் தரவரிசைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு தாள்களை எடுத்து மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஒன்று விசுவாச அறிக்கை, மற்றது மாணவர் நடத்தை உடன்படிக்கை. இரண்டும் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். வீட்டனின் அறிக்கையில், தேவன் ஆதாமையும் ஏவாளையும் நேரடியாகப் படைத்தார், அவர்களே மனித இனம் முழுவதற்கும் வரலாற்றுப் பெற்றோர் என்று ஒரு வரி இருக்கிறது. உயிரியல் படிக்கப்போகிற பிள்ளை அந்த வரியைப் படித்துவிட்டு, பரிணாமத்தை வகுப்பில் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று துறைக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது. உங்கள் மகளுக்கு உளவியல், அவளுக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன: மனச்சோர்வை, பாலினத்தை, பாலியல் ஈர்ப்பை எல்லாம் எந்தப் பார்வையில் பாடமாக வைக்கிறார்கள் என்று.

உடன்படிக்கை விஷயம் இன்னும் நேரடியானது. வீட்டனில் இளங்கலை மாணவர்கள் மதுவையும் புகையிலையையும் வளாகத்துக்கு வெளியேயும் தொடக்கூடாது. திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது, ஓரினச் சேர்க்கை கூடாது. 1860-ல் தொடங்கிய கல்லூரி, மாணவர்கள் நடனமாட அனுமதி கொடுத்ததே 2003-ல்தான் என்றால் பாருங்கள்! பல கல்லூரிகளில் சாப்பல் ஆராதனைக்கு வருகைப்பதிவு உண்டு. வாசலில் அடையாள அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே போக வேண்டும், ஒரு பருவத்தில் இத்தனை தடவைதான் வராமல் இருக்கலாம் என்று கணக்கு இருக்கும். அம்மாவுக்கு இதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும், தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுவது மகள். அவள் முழு மனதோடு போடவில்லை என்றால் நாலு வருஷம் ஒரு வேடத்தில் இருப்பாள், அதைவிட விசுவாசத்துக்குக் கேடு வேறில்லை. அப்புறம், அங்கேயும் குடிக்கிற பிள்ளைகள் உண்டு, சந்தேகப்படுகிற பிள்ளைகள் உண்டு. வேலி இருப்பதாலேயே பத்திரம் என்று ஆகிவிடாது.

எல்லாக் கல்லூரியும் ஒரே அச்சு இல்லை. மிச்சிகனில் உள்ள கால்வின் (1876) சீர்திருத்த (ரிஃபார்ம்ட்) சபைப் பாரம்பரியம். குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல் என்று வளர்ந்த சி.எஸ்.ஐ. பிள்ளைக்கு அந்த இறையியல் அவ்வளவு அந்நியமாக இருக்காது. கலிபோர்னியாவின் பயோலாவில் சேர, மாணவரே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். மாசசூசெட்ஸின் கோர்டன், கலிபோர்னியாவின் வெஸ்ட்மான்ட், இந்தியானாவின் டெய்லர், பென்சில்வேனியாவின் மெசாயா, நியூயார்க் மாநிலத்தின் ஹோட்டன் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசனை. இந்த வகைக் கல்லூரிகள் பலவும் சி.சி.சி.யு. என்ற கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் இருக்கின்றன, அதன் பட்டியலில் இருந்து தேட ஆரம்பிக்கலாம்.

அரசியலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க இவாஞ்சலிக்கல் உலகம் இப்போது இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 2025 பிப்ரவரியில் வீட்டன், டிரம்ப் அரசில் பதவி ஏற்ற தன் பழைய மாணவர் ரஸ்ஸல் வோட்டுக்கு வாழ்த்துப் போட்டது. எதிர்ப்பு வந்ததும் அந்தப் பதிவை எடுத்தது. எடுத்ததற்காக மறுபக்கத்திடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது. பெரும்பாலும் வெள்ளையர்கள் படிக்கும் வளாகத்தில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இதற்கு நடுவில் இருக்கப்போகிறாள். சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டு அங்கே படிக்கும் இந்திய மாணவி ஒருத்தியோடு மகள் தனியாகப் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

இனி பணம். ஆட்கள் சறுக்குவது இங்கேதான். படிப்பு, விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து இந்தக் கல்லூரிகள் பலவற்றில் வருஷத்துக்கு 50,000 டாலரைத் தாண்டும், நம் பணத்தில் 40 லட்சத்துக்கு மேல். அச்சடித்த கட்டணத்தை அமெரிக்கப் பிள்ளைகள் பலர் கட்டுவதில்லை, தள்ளுபடி உண்டு. ஆனால் அமெரிக்க அரசின் உதவித்தொகை நமக்கு வராது, பெரும்பாலும் கல்லூரி தன் கையில் இருந்து மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகைதான். "உன்னதமான உதவித்தொகை கிடைத்திருக்கிறது" என்று கடிதம் வந்தால் அந்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதைக் கழித்து மிச்சம் எவ்வளவு, அதை நாலால் பெருக்கினால் எவ்வளவு, கட்டணம் ஏற ஏற உதவித்தொகையும் ஏறுமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுபோகும், இந்த நாலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021-ல் கோர்டன் தன் கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஹோட்டனும் பெருமளவு குறைத்தது. இப்படிக் குறைத்த இடங்களில் உதவித்தொகையும் சேர்ந்து சுருங்கும் என்பதால் அங்கேயும் மிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வியை நம் பெற்றோர் யாரும் கேட்பதில்லை: இந்தக் கல்லூரி மகள் பட்டம் வாங்கும்வரை திறந்திருக்குமா? சிரிக்காதீர்கள். நியூயார்க்கில் இருந்த கிங்ஸ் கல்லூரி 2023-ல் அங்கீகாரத்தை இழந்து வகுப்புகளை நிறுத்தியது. அதே வருஷம் அதே நகரத்தில் அலையன்ஸ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2024-ல் மாசசூசெட்ஸின் ஈஸ்டர்ன் நாசரீன் மூடப்போவதாக அறிவித்தது. அங்கீகாரத்தைக் கொடுத்திருப்பது ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் மாதிரியான அமைப்பா, எச்சரிக்கை ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிநிலைக்கு மைனஸ் 1 முதல் 3 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது; 1.5-க்குக் கீழே என்றால் நான் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவேன், ஆராதனை எவ்வளவு அருமையாக இருந்தாலும்.

செலவுதான் தடை என்றால் கென்டக்கியில் உள்ள பெரேயா கல்லூரியைப் பாருங்கள். 1855-ல் அடிமை முறையை எதிர்த்த கிறிஸ்தவர்கள் தொடங்கியது. இவாஞ்சலிக்கல் கல்லூரி என்று அதைச் சொல்ல முடியாது, எல்லாரையும் சேர்க்கும் கிறிஸ்தவப் பாரம்பரியம். படிப்புக் கட்டணம் யாரிடமும் வாங்குவதில்லை, பதிலுக்கு எல்லா மாணவரும் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களில் மிகச் சிலருக்கே இடம், போட்டி கடுமை.

விண்ணப்பத்துக்கு வருவோம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1-ல் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பல இடங்களில் நவம்பர் தொடக்கத்தில் வரும். உதவித்தொகைக்கு அதுதான் நல்ல நேரம். எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கட்டாயம் இல்லை, ஆனால் நம் மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண்ணை எடைபோடுவது அவர்களுக்கு எளிதல்ல என்பதால் நல்ல எஸ்.ஏ.டி. மதிப்பெண் பணமாக மாறும். ஒன்பதாம் வகுப்பில் இருந்து மதிப்பெண் பட்டியல் வேண்டும், பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் நம் ஆட்களுக்கு இடறும் இடம். பள்ளியில் கேட்டால் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி மூன்று வரி தருவார்கள். சேகரகுருவிடம், அதாவது உங்கள் சபை ஐயரிடம், போதகர் கடிதம் கேட்டால், "இக்குடும்பத்தார் மூன்று தலைமுறையாக நம் சபையின் உண்மையுள்ள அங்கத்தினர்கள், காணிக்கைகளில் தவறாதவர்கள்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார், உங்களைப் பற்றி! அவர்களுக்கு வேண்டியது மகளைப் பற்றி. ஓய்வுநாள் பள்ளியில் எந்த வகுப்பை எத்தனை வருஷம் எடுத்தாள், சண்டை போட்ட இரண்டு பிள்ளைகளை எப்படிச் சமாளித்தாள், எதில் அவசரக்காரி, ஐயரிடம் எந்தக் கேள்வியைக் கேட்டு அவரை யோசிக்க வைத்தாள். ஐயரவர்களுக்கு நேரம் இருக்காது, மகளே இந்தக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பத்து நிமிஷம் பேசட்டும். வாலிபர் ஐக்கியத் தலைவர் அவளை நன்றாக அறிந்தவர் என்றால் அவரே எழுதலாமா என்று கல்லூரியைக் கேளுங்கள்.

விண்ணப்பத்தோடு கேட்கும் விசுவாசக் கட்டுரையும் அப்படித்தான். "பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்தேன், பத்தாம் வயதில் இரட்சிக்கப்பட்டேன்" என்ற சாட்சிக் கூட்ட நடையை அவர்கள் மூட்டை மூட்டையாக வாசித்திருப்பார்கள். ஒரே ஒரு சம்பவம், அதில் அவள் என்ன நினைத்தாள், பிறகு என்ன மாறியது, அல்லது மாறவில்லை என்றால் அதையும், எழுதட்டும். சந்தேகத்தை எழுதினால் நிராகரித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒரு நேர்மையான சந்தேகத்துக்காக நிராகரிக்கிற இடம் அவளுக்கு ஏற்ற இடமும் இல்லை.

உளவியலைப் பற்றி இரண்டு வார்த்தை. பல துறைகளையும் கலந்து படிக்க வைக்கும் இந்த லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் முதல் நாளே துறை முடிவாகாது, இரண்டாம் வருஷக் கடைசிக்குள் தேர்ந்தால் போதும். நடுவில் பழைய ஏற்பாடு, தத்துவம், ஆய்வகத்தோடு ஒரு அறிவியல், கலை எல்லாம் படித்தே ஆக வேண்டும். வெறும் இளங்கலை உளவியலை வைத்து அங்கேயும் சிகிச்சை கொடுக்க முடியாது, இங்கேயும் முடியாது, மேற்படிப்பு வேண்டும். இந்தியா திரும்பி முதுகலை சேர்வதாக இருந்தால் அந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சமநிலைச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடம் கிடைத்ததும் கல்லூரி முதல் வருஷச் செலவுக்கான வங்கி ஆதாரத்தைக் கேட்கும், அதைப் பார்த்துத்தான் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தரும். பிறகு அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். படிக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. நேர்காணலில் ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்பார்கள். "நல்ல கிறிஸ்தவச் சூழல்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எந்தப் பாடங்களுக்காக, யார் பணம் கட்டுகிறார்கள், முடித்துவிட்டு என்ன செய்வாள் என்று மகளே தன் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.