ஸ்லோ குக்கர்ல போர்க் சாப்ஸ் வறண்டு போகாம கிரேவியோட மெத்துன்னு வர என்ன செய்யணும்?

கரண்ட்ல மெதுவா வேக வைக்குற ஸ்லோ குக்கர்ல, லோ-ல (கம்மி சூட்டுல) எட்டு மணி நேரம் வச்சும் சக்கையா வருதுன்னு கேட்டிருக்கீங்க, அந்த எட்டு மணி நேரம்தாங்க பிரச்சனையே. சாப்ஸ் பன்னியோட முதுகுப் பக்கத்துக் கறி, கொழுப்பும் கம்மி சவ்வும் கம்மி, உள்ள 63 டிகிரி செல்சியஸ் வந்தாலே வெந்தாச்சு, அதுக்கு மேல ஏற ஏற சாறு வெளிய வந்துடும், அப்புறம் கிரேவில முங்கிக் கிடந்தாலும் வறட்டுக் கறிதான். தோள்பட்டைக் கறின்னா சவ்வு உருகி ஜெலட்டினா மாறும், எட்டு மணி நேரம் தாங்கும், என்னைக் கேட்டா அதையே வாங்குங்க.

சாப்ஸ்தான் வேணும்னா எலும்போட ஒரு இன்ச் கனத்துக்கு வெட்டச் சொல்லுங்க. உப்பு, மிளகுத்தூள் தடவி தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் செவக்க விட்டு எடுத்துட்டு, அதே கல்லுல சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு வதக்கி, அரை டம்ளர் தண்ணி ஊத்தி ஒட்டுனதை சுரண்டி, செவந்த கறியோட மொத்தமா ஸ்லோ குக்கர்ல போடுங்க. அது போதும், கறியே தண்ணி விடும். லோ-ல நாலு மணி நேரம், நடுவுல மூடியைத் தொறக்காதீங்க, சூடு போயிடும். கடைசில சோளமாவு (கார்ன்ஃப்ளார்) ஒரு ஸ்பூன் பச்சத்தண்ணில கரைச்சு ஊத்தி, கெட்டியாகுற வரைக்கும் ஹைல வைங்க.

நம்ம தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மாசாந்திர பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துற அன்னிக்கு மட்டும் இந்த வேலையே வேணாம், பாதி வெந்த கறி மணிக்கணக்கா ஆறிக் கிடந்தா கெட்டுடும்.