கிரௌனை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 1998 மாடல் மாருதி ஜிப்சி. கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்று சத்தம். ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு ரீங்காரம். மலை இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் ஒதுங்குகிறது. இடது பின் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறது. மெக்கானிக் கிரௌன் பினியனையும் (பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மாஸ்டர் சிலிண்டர் போனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கும், வண்டி ஒரு பக்கமாக ஒதுங்குவதற்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்தாற்போல இருந்து தண்ணீர் பட்டதும் கரைந்து போனால் பிரேக் ஆயில், அதாவது சக்கரத்துக்குள் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. எனக்கு முதலாவதன் மேல்தான் சந்தேகம், ஏனென்றால் உங்கள் ரீங்காரமும் அதோடு பொருந்துகிறது. பின் ஹவுசிங்கின், அதாவது பின் அச்சை மூடியிருக்கும் கூட்டின் தலையில் பிரீதர் என்று சின்னதாக ஒரு மூடி இருக்கும், ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேறும் வழி அதுதான். சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழியில்லாமல் ஆக்சில் ஆயில் சீல் வழியாக எண்ணெயையும் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வரும், லைனர் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) ஊறிப் போகும், அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது, வண்டி எதிர்ப்பக்கம் ஒதுங்கும், ஹவுசிங்கிலும் ஆயில் குறைந்து கிரௌன் முனக ஆரம்பிக்கும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் ஒழுகும்.

ஆயில் அளவு பார்க்க வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விடுங்கள், துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். (வடிப்பதாக இருந்தாலும் முதலில் இந்தப் போல்ட்தான். வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருப்பிடித்து வராமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.) வடித்ததில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் பயமில்லை, இரும்புச் சில்லு வந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. ஓட்டிப் பார்க்கும்போதும் கவனியுங்கள்: ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்றால் கிரௌன் பினியன் பக்கம், மிதித்தாலும் விட்டாலும் அதே சத்தம், வளைவில் மட்டும் கூடிக் குறைகிறது என்றால் வீல் பேரிங்.

'டக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் ஜாயின்ட் கிராஸ், அதாவது ஷாஃப்ட் முனையிலுள்ள சிலுவை வடிவ மூட்டுதான் காரணம். ஜிப்சியில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) தனித்தனி என்பதால் விசையைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்று, ஒவ்வொன்றின் இரு முனையிலும் கிராஸ் உண்டு. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஆட்டம் எந்த மூட்டில் என்று கண்ணிலேயே தெரியும். கப் ஓரத்தில் செம்பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது.

எண்ணெயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டித் தருவார்கள். வேண்டாம், சூடானதும் மறுபடி கசியும். இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஸ்டியரிங்கையே பிடுங்குவது போல இழுத்தால் இடது முன் காலிபர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) இறுகிக் கிடக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதென்றால் அதையும் மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் பஞ்சாகிவிடும்.

கேள்வி: ஃபோர் வீலில் போட்டுத் தார் ரோட்டில் திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, பிரேக் ஒட்டிக்கொண்டதோ?
- ஏற்காடு வாசகர்

பதில்: உங்கள் வண்டியும் தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பழைய பார்ட் டைம் ரகம்தானே? அப்படியென்றால் பிரேக் இல்லை. முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், வழுக்காத ரோட்டில் அதற்கு இடமில்லாமல் ஷாஃப்ட்டெல்லாம் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணலில் மட்டும் போடுங்கள். லீவர் திரும்ப வரவில்லையென்றால் பலம் போட்டு இழுக்காமல் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.